மனம் மறந்தாலும் பாதம் மறப்பதில்லை

சென்ற நவராத்திரி முடிந்த சில நாள்களில், காவிரிக் கரையிலுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து வாசகி ஒருவரின் கடிதம் வந்தது. நான்கு பக்கக் கடிதம். முதல் இரண்டு பக்கங்களில் தம் இல்லத்துக் கொலுவைப் பற்றியே எழுதியிருந்தார்: ஒன்பது படிகள், மாமியார் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த மரப்பாச்சிப் பொம்மைகள், ஆண்டுதோறும் தவறாமல் இடம்பெறும் தசாவதார வரிசை. மூன்றாம் பக்கத்தில்தான் அவர் சொல்ல வந்த செய்தி தொடங்கியது. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் அவற்றை விடுத்துச் செய்தியை மட்டும் இங்கே தருகிறேன். இதே நிலையில் இருக்கும் இல்லங்கள் பல உண்டு என்பதை அறிவேன். ஆகவே பதிலையும் பொதுவில் எழுதுகிறேன்.

அவருடைய மாமியாருக்கு வயது 78. நான்கு ஆண்டுகளாக மறதி நோய். தொடக்கத்தில் அடுப்பில் பாலை வைத்ததை மறந்தார். பின்னர் உண்டதை மறந்து மீண்டும் இலை போடச் சொன்னார். இப்போது பெற்ற மகனையே "நீ யாரப்பா?" என்று கேட்கிறார். பேச்சும் பெருமளவு குறைந்துவிட்டது.

நவராத்திரியின் ஆறாம் நாள் மாலை. தாம்பூலம் பெற்றுக்கொள்ள அக்கம்பக்கத்துப் பெண்களும் உறவினரும் கூடியிருந்தார்கள். சிறுமி ஒருத்தி அம்மன் மீது கும்மிப் பாட்டு ஒன்றைப் பாடினாள். மூலையில் அமர்ந்திருந்த முதியவர் எழுந்தார். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். குனிந்தும் நிமிர்ந்தும் கைகொட்டியபடி, கொலுவின் முன்னால் வட்டமாக அடியெடுத்து வைத்தார். தாளம் ஒருமுறைகூடத் தவறவில்லை என்று வாசகி எழுதுகிறார்.

கூடியிருந்தோரில் சிலர் சிரித்தார்கள். இளைஞர் ஒருவர் கைப்பேசியில் படம் பிடித்தார். கணவரின் முகம் சிவந்தது. "உள்ளே அழைத்துப் போ" என்றார். வாசகி மாமியாரின் கையைப் பற்றி உள்ளறைக்கு இழுத்துச் சென்று, கட்டிலில் அமர்த்தி, கதவைச் சாத்திவிட்டு வந்தார். "கதவுக்கு அந்தப் பக்கம் கைகொட்டும் ஓசை சற்று நேரம் கேட்டது, ஐயா. பிறகு நின்றுவிட்டது. அது நின்றபோதுதான் எனக்கு அடிவயிறு கலங்கியது" என்று எழுதியிருக்கிறார். அன்றிரவு முதியவர் உறங்கவில்லை. காரணம் சொல்லத் தெரியாமல் அழுதுகொண்டே இருந்தாராம்.

கடிதத்தின் இறுதியில் மூன்று கேள்விகள். உறவினரில் ஒருசாரார் அம்மன் அருள் இறங்கியது என்கிறார்கள். மற்றொரு சாரார் கிரகக் கோளாறு, பரிகாரம் செய்ய வேண்டும் என்கிறார்கள். இவற்றில் எது உண்மை? ஆடியவரை இழுத்துச் சென்று கதவைச் சாத்தியது பாவமா? வரும் ஆண்டு கொலு வைக்கலாமா, அல்லது நிறுத்திவிடலாமா?

இது எவரது குற்றமும் அன்று

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மறதி நோய் என்பது மூளையைப் பற்றும் நோய். முற்பிறவிப் பாவத்தின் பலன் என்றும், குலதெய்வக் குற்றம் என்றும் சொல்லி நோயாளியையும் அவரைப் பேணுவோரையும் மேலும் வருத்துதல் தகாது. ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் 1906-ஆம் ஆண்டில் எடுத்துரைத்து, பின்னர் அவர் பெயராலேயே வழங்கப்படும் நோயே இவ்வகை நோய்களில் மிகுதியாகக் காணப்படுவது. மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைப்படுவதாலும் வேறு காரணங்களாலும் வருவனவும் உண்டு. 2023-இல் வெளியான ஆய்வு ஒன்றின் கணக்குப்படி, நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு இந்நோய் இருக்கிறது. அதாவது நூற்றுக்கு ஏழு பேருக்கும் மேல். ஆண்களைவிடப் பெண்களிடத்திலும், நகரங்களைவிடச் சிற்றூர்களிலும் இது மிகுதி என்று அதே ஆய்வு கூறுகிறது. ஒவ்வொரு தெருவிலும் சாத்திய கதவு ஒன்று இருக்கிறது என்றே நாம் கொள்ள வேண்டும்.

அருள் வந்து ஆடுதல் நம் மரபில் உள்ளது. அதனை நான் மறுக்க வரவில்லை. ஆனால் அன்று அந்தக் கொலுவின் முன் நிகழ்ந்ததற்கு மருத்துவ நூலிலேயே விளக்கம் இருக்கிறது. அவ்விளக்கத்தை அறிந்தால் அச்சமும் நீங்கும், நாணமும் நீங்கும்.

நம் நினைவுகள் அனைத்தும் ஒரே பெட்டியில் வைக்கப்பட்டவை அல்ல. காலையில் யார் வந்தார், என்ன உண்டோம், எதிரில் நிற்பவர் என்ன சொன்னார் என்பன போன்ற புதிய செய்திகளைப் பதிய வைக்கும் பணியில், மூளையின் உட்புறத்தில் கடற்குதிரை வடிவில் அமைந்த ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதி முதன்மையானது. அல்சைமர் நோய் பெரும்பாலும் இப்பகுதியையும் இதனைச் சூழ்ந்த பகுதிகளையுமே முதலில் தாக்குகிறது. பூத்தொடுத்தல், கோலமிடுதல், தாளம் போடுதல், அடியெடுத்து ஆடுதல் ஆகியன உடல் பழகிப் பழகிக் கற்றவை. இவை சிறுமூளையையும், மூளையின் அடித்தளத்திலுள்ள நரம்பணுத் திரள்களையும் சார்ந்தவை. நோய் இப்பகுதிகளைப் பெரும்பாலும் காலந்தாழ்த்தியே நெருங்குகிறது. ஆகவேதான் மகனின் பெயர் மறந்த பின்னும் கை பூத்தொடுக்கிறது. மருமகள் யாரென்று தெரியாத நிலையிலும் கால் கும்மிக்கு அடியெடுத்து வைக்கிறது.

இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாறு உருக்கமானது. அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்பவருக்குக் கடுமையான வலிப்பு நோய் இருந்தது. அதனைத் தணிப்பதற்காக 1953-இல் அவருடைய மூளையில் அறுவை சிகிச்சை செய்து, இரு பக்கத்து ஹிப்போகேம்பஸ் பகுதிகளையும் பெருமளவு அகற்றினார்கள். அதன்பின் அவரால் புதிய செய்தி எதனையும் நினைவில் நிறுத்த இயலவில்லை. பிரெண்டா மில்னர் என்னும் உளவியல் அறிஞர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் ஒன்றின் கோடுகளுக்கிடையே வரையுமாறு அவரைப் பணித்தார். ஒவ்வொரு நாளும், இதனை இதற்கு முன் செய்ததே இல்லை என்றுதான் மொலேசன் சொல்வார். ஆனால் அவருடைய கை மட்டும் நாளுக்கு நாள் தேர்ச்சி பெற்றுக்கொண்டே வந்தது. மனம் அறியாததைக் கை அறிந்திருந்தது.

இந்த வாசகியின் மாமியார் இளமையில் தம் ஊர்க் கோயிலில் கும்மிக் குழுவின் முன்னால் நின்று பாடியவராம். கடிதத்தின் நான்காம் பக்க ஓரத்தில், பிற்பாடு நினைவு வந்து எழுதியதுபோல் இச்செய்தி இருந்தது. என்னைக் கேட்டால், கடிதத்திலேயே முதன்மையான வரி அதுதான். அன்று மாலை எழுந்து ஆடியவர், 60 ஆண்டுகளுக்கு முன் ஆலயத் திருமுன்னில் தோழியரோடு வட்டமிட்ட அந்தப் பெண்தான். நோய் அவரை முழுவதும் கொண்டுபோய்விடவில்லை.

மருந்தாகும் ஆடல்

ஆடலை மருத்துவத்தின் துணையாகக் கொள்ளும் முறை கடந்த நூற்றாண்டில் உருப்பெற்றது. மேரியன் சேஸ் என்னும் நடனக் கலைஞர் 1942 முதல் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் உள்ள செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் நோயாளிகளோடு ஆடத் தொடங்கினார். அவர் பின்பற்றிய முறையின் உயிர்நாடி எளியது: நோயாளிக்கு அடவு கற்பிப்பதில்லை, நோயாளி எப்படி அசைகிறாரோ அப்படியே தாமும் அசைவது. ஒருவர் கையை ஆட்டினால் தாமும் ஆட்டுவது. ஒருவர் காலைத் தட்டினால் தாமும் தட்டுவது. 'உன்னைக் கண்டுகொண்டேன்' என்று சொல்லால் அன்றி உடலால் சொல்வது. 1966-இல் அமெரிக்க நடன சிகிச்சைச் சங்கம் தோன்றியபோது அவரே அதன் முதல் தலைவரானார். பல நாடுகளில் முதியோர் இல்லங்களில் இன்று நாற்காலிகளை வட்டமாக இட்டு, அமர்ந்தபடியே ஆடும் வகுப்புகள் நடைபெறுகின்றன.

ஆடலால் என்ன பயன் என்று ஆய்ந்தவர்களும் உண்டு. நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் 75 வயதைக் கடந்த 469 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2003-இல் மருத்துவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நடை, நீச்சல், மிதிவண்டி என்று உடலுக்குரிய பழக்கங்கள் பலவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டதில், அடிக்கடி ஆடியவர்களிடம் மட்டுமே மறதி நோய் குறைவாகக் காணப்பட்டது. நூல் வாசித்தோரிடமும், இசைக்கருவி வாசித்தோரிடமும், பலகை விளையாட்டுகள் ஆடியோரிடமும் அவ்வாறே குறைந்திருந்தது. இதைக் கொண்டு 'ஆடினால் நோய் வராது' என்று முடிவு கட்டிவிடலாகாது. மூளை நலமாக இருந்தவர்களே ஆடச் சென்றிருக்கவும் கூடும் அல்லவா?

நோய் வந்துவிட்டவர்களுக்கு ஆடல் உதவுமா என்பதற்கு நெடுங்காலம் உறுதியான சான்று இல்லை. 2017-இல் காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பினர் உலகெங்கும் தேடியும், தங்கள் அளவுகோலுக்குப் பொருந்தும் ஆய்வு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்றே அறிவித்தார்கள். பின்னர் ஹாங்காங்கில் ஓர் ஆய்வு நடந்தது. நோயின் தொடக்க நிலையில் இருந்த 204 முதியவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினருக்கு 12 வாரங்கள் ஆடல் சிகிச்சையும், இன்னொரு குழுவினருக்கு உடற்பயிற்சியும் அளித்தார்கள். மூன்றாம் குழுவினர் காத்திருந்தார்கள். ஆடியவர்களிடம் மனச்சோர்வும் தனிமை உணர்வும் குறைந்தன என்று 2020-இல் அதன் முடிவு வெளியாயிற்று. ஓர் ஆய்வு எல்லாவற்றையும் நிறுவிவிடாது. ஆயினும் அது காட்டும் திசையைக் கவனிக்க வேண்டும். குறைந்தது தனிமை. மறதி நீங்கிற்று என்று எவரும் சொல்லவில்லை.

அன்பர்கள் இந்த இடத்தில் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதனை வலியுறுத்துகிறேன். ஆடல் இந்நோயைத் தீர்க்காது. ஆடி முடித்து அமர்ந்ததும் அத்தை உங்களை அடையாளம் கண்டு பெயர் சொல்லி அழைப்பார் என்று எதிர்பார்த்தால் நெஞ்சு உடையும். ஆடுகிற அந்தப் பத்து நிமிடம் அவர் தனியராக இல்லை. நீங்களும் தனியராக இல்லை. அதுவே பயன்.

காலடியில் கிடப்பவன்

கோயிலில் ஆடல்வல்லான் திருமுன் நிற்கும்போது, குஞ்சிதபாதத்தைக் கண்டு கைகூப்புகிறோம். ஊன்றிய திருவடியின் கீழே கிடக்கும் முயலகனை ஊன்றிப் பார்ப்பவர் குறைவு. அவனுக்கு வடமொழியில் அபஸ்மாரன் என்று பெயர். 'ஸ்மர' என்பது நினைவைக் குறிக்கும் சொல். நினைவு நீங்கிய நிலை அபஸ்மாரம். ஆயுர்வேத நூல்கள் வலிப்பு நோயை இப்பெயரால் வழங்குகின்றன. சமய நூல்கள் அறியாமையின் வடிவாக அவனைக் காண்கின்றன. ஆக, மறதியின் மீது ஊன்றிய பாதத்தோடுதான் அம்பலத்தான் ஆடுகிறான்.

இதில் நான் பலகாலம் எண்ணிப் பார்த்த ஒன்று உண்டு. இறைவன் முயலகனைக் கொல்லவில்லை. முப்புரத்தை எரித்தவனுக்கு, யானையை உரித்தவனுக்கு, இக்குறள் வடிவினனை அழிப்பது அரிதா? ஆனால் சிற்பி எந்தக் காலத்தில் செய்த திருமேனியாயினும், முயலகன் உயிரோடுதான் கிடக்கிறான். தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டும் இருக்கிறான். அவன் அங்கே இருக்கும்போதே ஆடல் நிகழ்கிறது. மறதி ஒழிந்த பிறகுதான் ஆடுவது என்று ஐயன் காத்திருக்கவில்லை.

நோயுற்ற முதியவரை முயலகனுக்கு ஒப்பிடுவதாக எவரும் கொள்ளற்க. நோய்தான் முயலகன். நோயுற்றவர் ஆடுகிறவர். நான்கு ஆண்டுகளாக அந்தத் தாயை அழுத்தி வந்த மறதியை, மூன்று சுற்றுக் கும்மி ஆடும் நேரம் அவர் தம் காலின் கீழ் வைத்திருந்தார். அந்த நேரத்தில்தான் நாம் கதவைச் சாத்தினோம்.

'நாம்' என்று எழுதியது தவறிப்போய் அன்று. என் தாயாரின் இறுதி ஆண்டுகளில் அவருக்கும் இந்நோய் இருந்தது. அவர் ஆடியவர் அல்லர். கையால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருப்பார். வீட்டுக்கு வருவோர் முன் அது எனக்குக் கூச்சமாக இருந்தது. கையைப் பிடித்து நிறுத்துவேன். தினமும் காலையில் அவர் முன் நின்று, "நான் யார், சொல் பார்க்கலாம்" என்று கேட்பேன். விடை தெரியாமல் அவர் விழிப்பார். ஒருநாளும் அவர் கேட்ட தாளத்தை நான் திருப்பிப் போட்டதில்லை. அது ஓர் அழைப்பு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. ஆகவே, சகோதரியே, உம்மைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் தகுதி இதை எழுதுகிறவனுக்கு இல்லை.

இல்லத்தில் செய்யத் தக்கவை

இனிச் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

முதலில் மருத்துவரைக் காண வேண்டும். நரம்பியல் மருத்துவரோ, மனநல மருத்துவரோ, முதியோர் நல மருத்துவரோ ஆகலாம். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரக்கூடும். அவற்றுக்கு மருந்து உண்டு. ஆடலைத் தொடங்கும் முன் முழங்கால், இரத்த அழுத்தம், இதயம் ஆகியவற்றின் நிலையையும் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

நேரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். பொழுது சாயும் வேளையில் இந்நோயாளர் பலருக்குக் கலக்கம் மிகுகிறது. கொலுவின் ஆறாம் நாள் மாலையில், விளக்கொளியும் பேச்சொலியும் புதிய முகங்களும் சூழ்ந்திருந்தன, ஆடிக்கொண்டிருந்தவரின் கையை ஒருவர் பற்றி இழுத்தார், கதவு சாத்தப்பட்டது. அன்றிரவு அவர் அழுததற்கு வேறு தோஷம் தேட வேண்டியதில்லை. நீராடி, உண்டு, சற்றே இளைப்பாறிய முற்பகல் வேளையே நல்லது.

அமர்ந்தே ஆடட்டும். கைப்பிடியுள்ள, அசையாத நாற்காலி போதும். குனிந்து நிமிர்ந்து ஆடும் கும்மி 78 வயதில் விழுந்துவிடும் இடர் உடையது. அமர்ந்தபடி கைகொட்டலாம், பாதங்களைத் தரையில் தட்டலாம், கோலாட்டக் கழிகளுக்கு மாறாக மென்மையான துணிச்சுருளைக் கையில் தரலாம். அவரே எழ விரும்பினால் இருபுறமும் இருவர் துணை நிற்க வேண்டும். தரையில் ஈரம் கூடாது. புடவை காலில் தடுக்கக் கூடாது.

பாட்டைத் தேடிப் பிடியுங்கள். இளம்பருவத்தில் கேட்ட பாட்டே ஆழத்தில் தங்குகிறது. அவர் பிறந்த ஊரில் உடன் ஆடிய தோழியர் எவரேனும் இருந்தால் கேட்டு வாருங்கள். ஆடவராயின், மார்கழி வீதி பஜனையோ, விளக்கைச் சுற்றி வந்து பாடும் திவ்யநாமமோ, காவடிச் சிந்தோ அவர் உடலில் இருக்கலாம்.

கற்பிக்காதீர்கள்; சோதிக்காதீர்கள். "இந்தப் பாட்டு நினைவிருக்கிறதா?", "நான் யார்?" என்ற கேள்விகள் வேண்டா. எதிரில் அமர்ந்து, அவர் கை எப்படி அசைகிறதோ அப்படியே உங்கள் கையையும் அசையுங்கள். அவர் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். பத்து அல்லது பதினைந்து நிமிடம் போதும். விருப்பமில்லை என்று முகம் திருப்பினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

படம் பிடிக்காதீர்கள். இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மார்த்தா கொன்சாலெஸ் என்னும் முன்னாள் பாலே நடனக் கலைஞர் ஸ்பெயின் நாட்டில் அல்சைமர் நோயோடு முதுமையைக் கழித்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்த அவருக்கு, சைகோவ்ஸ்கியின் 'ஸ்வான் லேக்' இசையைக் காதில் ஒலிக்கச் செய்தார்கள். அவருடைய கைகள் மெல்ல உயர்ந்து அன்னப்பறவையின் சிறகுகளாயின. அவர் மறைந்த பின், 2020-இல், அந்தப் படம் உலகெங்கும் பரவிக் கண்டோரைக் கண்ணீர் விட வைத்தது. உங்கள் இல்லத்துக் கொலுவின் முன் நிகழ்ந்ததும் அதுவேதான். அங்கே அழுதார்கள், இங்கே சிரித்தார்கள். பார்த்த கண்கள்தாம் வேறு. சிரிப்பதற்காக எடுத்த படம் எவரிடத்திலேனும் இருந்தால், உங்கள் கணவரே நேரில் கேட்டு அழிக்கச் செய்ய வேண்டும். தம் மானத்தைத் தாமே காத்துக்கொள்ள இயலாதவரின் மானத்தைக் காப்பது மகனுடைய கடன்.

பேணுவோரும் இளைப்பாற வேண்டும். நான்கு ஆண்டுகள் இரவும் பகலும் ஒருவரே பார்த்துக்கொண்டால் எந்தப் பொறுமையும் தீரும். வாரத்தில் ஒரு பொழுதாவது வேறொருவர் பொறுப்பேற்கட்டும். முதியோர் நலன் குறித்த ஐயங்களுக்கு 14567 என்னும் அரசின் கட்டணமில்லாத உதவி எண்ணும் இருக்கிறது.

கோயிலுக்கு அழைத்து வருவதையும் நிறுத்திவிடாதீர்கள். திருவிழாக் கூட்டத்தையும் நெரிசலையும் தவிர்த்து, கூட்டம் குறைந்த நேரத்தில் வாருங்கள். நாகசுரமும் தவிலும் ஒலிக்கும்போது பிராகாரத்தில் மெல்லச் சுற்றி வருவதும் தாளத்தோடு கூடிய நடைதான். முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிய சிறு அட்டை அவரிடம் எப்போதும் இருக்கட்டும். ஆலய நிர்வாகத்தினரும் அருச்சகர்களும், சற்றே உரக்கப் பாடும் முதியவரையோ, சன்னிதியில் கைகொட்டும் மூதாட்டியையோ கண்டால் விரட்டாமல் இருக்க வேண்டுகிறேன். அவர்களுடைய வழிபாட்டில் இப்போது எஞ்சியிருப்பது அதுவாகவே இருக்கலாம்.

அம்மையார் கேட்டது

கடிதத்தின் கேள்விகளுக்குத் திரும்புகிறேன். பரிகாரத்துக்கென்று வைத்திருக்கும் பொருளைக் கொண்டு நல்ல நாற்காலி ஒன்று வாங்குங்கள். கதவைச் சாத்தியது பாவமா என்று கேட்டீர்கள். ஓசை நின்றபோது உமது அடிவயிறு கலங்கியதே, அந்தக் கலக்கத்தை இறைவன் அறிவான். மீண்டும் சாத்தாதீர்கள், அவ்வளவே. கொலுவைக் கட்டாயம் வையுங்கள். ஒன்பது படி முடியாவிட்டால் மூன்று படி போதும். மாலையில் மற்றவர்களுக்குத் தாம்பூலம் கொடுங்கள். முற்பகலில், வீட்டார் மட்டும் இருக்கும் வேளையில், கொலுவின் முன் அந்த நாற்காலியை இடுங்கள்.

அறுபத்துமூவர் வரிசையில் மற்ற அடியார்கள் நின்றிருக்க, ஒருவர் மட்டும் அமர்ந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அவர் காரைக்கால் அம்மையார். இளமையையும் எழிலையும் உதறி, எலும்பும் நரம்புமான வடிவை வேண்டிப் பெற்றவர். இறைவனே 'அம்மையே' என்று அழைத்த பெருமை உடையவர். கயிலையில் என்ன வேண்டும் என்று பெருமான் கேட்டபோது அவர் கேட்டதைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார். மீண்டும் பிறவாதிருக்க வேண்டினார். பிறக்க நேர்ந்தால், இறைவனை மறவாதிருக்க வேண்டினார். அதனோடும் நிறுத்தவில்லை. அவன் ஆடும்போது அடியின் கீழே தாம் மகிழ்ந்து பாடிக்கொண்டிருக்கவும் வேண்டினார். பெருமான் அவரைத் திருவாலங்காட்டுக்கு அனுப்பினான்.

நினைவையும் ஆடலையும் ஒரே மூச்சில் கேட்டவர் அவர். கங்கைகொண்ட சோழபுரத்துச் சிற்பத்தில் ஆடும் இறைவனின் அடியருகே அவர் இருக்கிறார். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளில் மெலிந்த உடலோடு அமர்ந்து, கையில் தாளமேந்திக் காட்சி தருகிறார். எழுந்து ஆடவில்லை. அமர்ந்தபடி தாளம் போடுகிறார். முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. அடுத்த முறை சிவாலயம் செல்லும்போது அவர் முன் சற்று நில்லுங்கள். உங்கள் வீட்டு மூதாட்டியின் சாயல் அவரிடம் தெரியும்.

வரும் வெள்ளிக்கிழமை முற்பகலில் தொடங்கலாம், சகோதரியே. அத்தையின் எதிரே அமர்ந்து, அவர் ஊர்க் கும்மிப் பாட்டின் முதல் அடியைப் பாடி, ஒருமுறை கைகொட்டுங்கள். அவர் கொட்டலாம், கொட்டாமலும் இருக்கலாம். கொட்டினால், அவருடைய தாளத்துக்கு நீங்கள் கொட்டுங்கள். மகனையும் அருகில் அமரச் சொல்லுங்கள். அவரைத் தாய்க்கு அடையாளம் தெரியாமற்போனாலும், கைகள் நான்கும் ஆறும் சேர்ந்து ஒலிப்பது அந்தத் தாய்க்குக் கேட்கும்.

தில்லைக் கூத்தன் துணை நிற்பான்.

திருச்சிற்றம்பலம்.